ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேலை பார்த்த சூரியன்

சித்திரை மாதத்து உச்சி வெயிலில் மொட்டை மாடிக்குப் போகிறேன் என்று சொன்னால் ராஜபாளையத்தில் துணைக்கு ஒரு ஆளும் வராது. "செத்த நேரம் உக்காருங்க மேடம், மோர் குடிங்க, வெயில் தாழட்டும்" என்றுதான் சங்கரலிங்கமும் சொன்னார். மோரைக் குடித்தேன். உட்காரவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய பேண்டேஜ் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் அவர் பேசியதில் பாதிதான் காதில் விழுந்தது. கூடத்து நாற்காலியில் ஒரு துணிக்கடைப் பை இருந்தது. அரக்கு நிறப் பட்டுச் சேலையின் கரை அதிலிருந்து எட்டிப் பார்த்தது.

அவருடைய மகள் மாலதிக்கு நிச்சயத்தன்று மாப்பிள்ளை வீட்டார் வைத்துக் கொடுத்த சேலை. அன்று சாயந்திரம் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருவது என்று அவர் முடிவு செய்திருந்தார். சேலை திரும்பினால் கல்யாணம் இல்லை என்று அர்த்தம். அதற்கு மேல் பேச்சுவார்த்தை கிடையாது.

கல்யாணம் நிற்கப்போனதற்குக் காரணம் ஜாதகமும் இல்லை, நகையும் இல்லை. மாடியில் மாட்டியிருந்த சோலார் பேனல்கள். அவற்றைப் பார்க்கத்தான் நான், கரண்ட் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற அதிக நாள் இல்லாத ஒரு இன்ஜினீயரம்மா, படியேறிக்கொண்டிருந்தேன். மாடிக் கதவின் தாழ்ப்பாளைத் தொட்டதும் கை சுட்டது. முந்தானையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டேன்.

கதவைத் திறக்குமுன் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஏச்சு வாங்கிய காலம்

இந்தத் தொடரை முதலிலிருந்து படித்து வருகிறவர்களுக்கு என் வாய் கொஞ்சம் நீளம் என்று தெரிந்திருக்கும். அது கூடப்பிறந்தது இல்லை. மின்வெட்டுக் காலத்தில் வந்தது.

அப்போதெல்லாம் எந்தப் பகுதியில் எப்போது கரண்டை நிறுத்துவது என்று மேலிடத்திலிருந்து போன் வரும். நிறுத்துகிற கை என்னுடையது. நிறுத்திய கையோடு மேஜையில் போன் அடிக்கும். மில்காரர் ஒருவர் தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பார். இரண்டிலும் என்னைத்தான் ஏசினார் என்பது மட்டும் நன்றாகப் புரியும்.

தறிக்காரர்கள் போன் செய்ய மாட்டார்கள். நேரே வந்து ஆபீஸ் வாசலில் நிற்பார்கள். ஏசினாலும் பரவாயில்லை, பதிலுக்கு நானும் இரண்டு பேசலாம். ஏசாமல் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். அந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்காது.

கோயிலுக்குப் போனால் அங்கேயும் விட மாட்டார்கள். கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருப்பேன். பக்கத்தில் நிற்கிற அம்மாள் என் தோளைத் தட்டி, "எங்க தெருவுக்கு மட்டும் ஏன் மேடம் ரெண்டு தடவ போகுது?" என்று கேட்பார். சாமியிடம் கேட்க வேண்டியதை என்னிடம் கேட்டுவிட்டுப் போவார்கள்.

அதனால்தான், வீட்டு மாடியிலேயே கரண்ட் எடுக்கலாம், அரசாங்கம் மானியம் தருகிறது, தெருத் தெருவாகப் போய் ஆள் சேருங்கள் என்று உத்தரவு வந்தபோது, ஆபீஸில் மற்றவர்கள் முகம் சுளிக்க, எனக்கு மட்டும் உள்ளூர சந்தோஷமாக இருந்தது. ஆயுசு முழுக்க 'இல்லை' என்று சொன்ன வாயால், வீட்டுக்குப் போவதற்குள் கொஞ்ச நாளாவது 'இருக்கிறது' என்று சொல்லிவிட்டுப் போகலாமே.

"ஊருக்கே கரண்ட நிறுத்துனவ இப்ப சூரியனையே விக்கக் கெளம்பிட்டா" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்தார். செய்யட்டும். அவர் ஓய்வு பெற்றுப் பல காலம் ஆகிறது. கேலி செய்வதைத் தவிர வேறு வேலை இல்லை.

மண்டபத்தில் ஒரு முகாம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்து முகாம் போட்டோம். வந்தவர்களுக்கு ஆளுக்கொரு பொட்டலம் பால்கோவா கொடுத்ததால் கூட்டத்துக்குக் குறைவில்லை. பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நழுவியவர்கள் போக, மிச்சம் இருந்தவர்கள் கேள்வி கேட்டார்கள். ஐப்பசி மழையில் சூரியன் வராவிட்டால் என்ன செய்ய? இடி விழுந்தால்? குரங்கு ஏறினால்?

குரங்குக் கேள்விக்கு மட்டும் கூட்டத்திலிருந்தே பதில் வந்தது. செண்பகத்தோப்புப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிற ஒருவர் எழுந்தார். அரசாங்கத் திட்டத்தில் அவர் தோட்டத்துக்கு சோலார் மோட்டார் போட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. "கொரங்கு ஏறத்தான் செய்யும். சூடு பொறுக்காம அதுவே எறங்கிரும்" என்றார்.

சொல்லிவிட்டு உட்காராமல் நின்றார். மலையடிவாரத் தோட்டம். முன்பெல்லாம் கரண்ட் வருகிற நேரம் பார்த்து, இருட்டில் டார்ச் லைட்டோடு மோட்டார் போடப் போக வேண்டும். காட்டுப் பன்றி நிற்கும். சில நாள் யானை நிற்கும். "இப்பப் பகல்லயே தண்ணி பாச்சிட்டு வந்திருதேன். எம் பொண்டாட்டி நிம்மதியாத் தூங்குதா" என்றார். அதை மைக்கில் சொல்லச் சொன்னேன். வெட்கப்பட்டுக்கொண்டு போய்விட்டார்.

முத்துக்குமாரை முதலில் பார்த்ததும் அந்த முகாமில்தான். அந்த ஊரிலேயே மடவார் வளாகத்துப் பையன். டிப்ளமா முடித்துவிட்டு, பேனல் மாட்டிக் கொடுக்கிற வேலையைச் சொந்தமாகச் செய்துகொண்டிருந்தான். மேடைக்குப் பக்கத்தில் ஒரு பேனலை நிறுத்தி வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கம் சொன்னான்.

ஒரு கேள்விக்கு ஒரு கூடை பதில் சொல்லுகிற ரகம். தூசி படிந்தால் உற்பத்தி குறையும், காக்கை எச்சம் விழுந்தால் குறையும், பேனல் ரொம்பச் சூடானாலும் லேசாகக் குறையும் என்று வாங்க வந்தவர்களிடமே எல்லாவற்றையும் ஒப்பித்தான். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு தம்பி, வந்தவங்க ஓடிறப் போறாங்க" என்று நானே ஒரு தடவை அதட்டினேன். பிழைக்கத் தெரியாத பையன் என்று நினைத்துக்கொண்டேன்.

பழுதுத் துணி

சங்கரலிங்கம் நெய்வது ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுகிற வெள்ளை வலைத் துணி. காஸ் துணி என்போம். எங்கள் பக்கத்தில் தெருவுக்குத் தெரு அந்தத் தறிச் சத்தம் உண்டு. வீட்டுக்குப் பின்னால் துணி வெளுக்கிற தொட்டியும் அவர் வைத்திருந்தார்.

நெசவில் பழுது விழுந்த துணி ஆஸ்பத்திரிக்குப் போகாது. வீட்டுக்குள் வந்துவிடும். தண்ணீர்க் குடத்துக்கு மூடி அதுதான். மிக்ஸிக்கு உறை, டிவிக்குத் திரை, தொட்டில் பிள்ளைக்குக் கொசுவலை எல்லாம் அதுதான். தறிக்காரர் வீட்டில் எந்தச் சாமானும் வெறும் உடம்போடு இருக்காது. எனக்குக் கொடுத்த மோரும் அதில் வடிகட்டியதாகத்தான் இருக்கும்.

மாலதி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். காலை பஸ்ஸில் போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்புவாள். சொந்தக்காரர்கள் மூலமாக அவளுக்கும் முத்துக்குமாருக்கும் பேசி முடித்தார்கள். நிச்சயம் முடிந்த சூட்டோடு, வரப்போகிற மருமகனின் தொழிலை மெச்சுவதுபோல சங்கரலிங்கம் தன் வீட்டுக்கும் பேனல் போடச் சொன்னார். முத்துக்குமார்தான் ஆட்களோடு வந்து மாட்டினான். நான் போய் மீட்டரைச் சரிபார்த்துவிட்டு வந்தேன்.

சங்கரலிங்கத்துக்கு ஒரு பழக்கம். தினமும் சாயந்திரம் ஒவ்வொரு தறியிலும் எத்தனை மீட்டர் ஓடியிருக்கிறது என்று பார்ப்பார். குறைந்திருந்தால் அந்தத் தறிக்காரன் எங்கே எழுந்து போனான் என்று விசாரணை நடக்கும். இப்போது பேனலும் அவருக்கு ஒரு தறி ஆகிவிட்டது. முட்டி வலியால் மாடி ஏற மாட்டார். ஆனால் அன்றன்றைக்கு எவ்வளவு கரண்ட் எடுத்தது என்று காட்டுகிற ஆப்பை போனில் போட்டு வைத்துக்கொண்டு, தறியைப் பார்த்த கையோடு அதையும் பார்த்துவிடுவார்.

ஒட்டக முதுகு

நல்ல வெயில் நாளில் அந்த ஆப்பில் தெரிகிற கோடு, காலையில் ஏறி, உச்சியில் நின்று, சாயந்திரம் இறங்க வேண்டும். பார்க்க ஒற்றை மலை மாதிரி இருக்கும். கோடை பிறந்த பிறகு சங்கரலிங்கம் வீட்டில் அது ஒட்டகத்தின் முதுகாகிவிட்டது. பதினோரு மணிவாக்கில் குழியில் விழும். மூன்று மணிக்கு மேல் எழுந்து இன்னொரு சின்னத் திமிலைக் காட்டிவிட்டுப் படுத்துவிடும். வெயில் கொளுத்துகிற நேரமெல்லாம் குழிதான்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் விதிவிலக்கு. அன்றைக்குக் கோடு மரியாதையாக ஒற்றை மலையாக நிற்கும். திங்கள் பிறந்ததும் பழைய குருடி.

"எந்தத் தறிக்காரனும் ஞாயித்துக்கெழம லீவு எடுப்பான். ஓஞ் சூரியன் மத்த நாள் பூரா லீவு போட்டுட்டு ஞாயித்துக்கெழம மட்டும் வேலைக்கு வருதாக்கும்?" என்று முத்துக்குமாரிடம் கேட்டார் சங்கரலிங்கம்.

முத்துக்குமார் ஒரு நாள் காலையில் வந்து பார்த்தான். இன்னொரு நாள் வேலை முடித்து சாயந்திரம் வந்து பார்த்தான். பேனல்கள் துடைத்துவிட்ட மாதிரி பளபளவென்று இருந்தன. வயரைக் கழற்றி மாட்டினான். ஒன்றும் மாறவில்லை. "ஏதோ நெழல் விழுது மாமா. ஒரு நாள் மத்தியானம் வந்து இருந்து பாக்கேன்" என்றான்.

அந்த வார்த்தைதான் அவனுக்கு வினையாகிவிட்டது. அந்த மாடியைச் சுற்றி உயரமான கட்டடமும் கிடையாது, மரமும் கிடையாது. "எம் மாடியில நெழலா? ஒதுங்கி நிக்க ஒரு காக்காய்க்கு எடம் இருக்கா அங்க? மட்டமான சரக்க மாட்டிட்டு நெழலு கிழலுன்னு கத சொல்லுதான்" என்று சத்தம் போட்டார். ஞாயிற்றுக்கிழமை ஓய்வாக இருக்கும்போது அவனே தன் போனிலிருந்து எண்ணைக் கூட்டிவிடுகிறான் என்பது அவருடைய துப்பறிதல். இனிமேல் மாடிப்படி மிதிக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. துணி வியாபாரத்தில் ஊறியவர். துணி மூட்டையைப் பிரித்து முதல் மடிப்பைப் பார்த்தே முழு மூட்டையையும் எடைபோடுகிறவர். "மாமனார் வீட்டுக்கே இப்படிச் செஞ்சவன், நாளைக்கு எம் மவள எப்படி வச்சிருப்பான்?" என்று தெருவெல்லாம் கேட்டார். பேனலுக்குப் பேர் கொடுத்திருந்த அக்கம்பக்கத்து ஆட்கள் ஒவ்வொருவராக ஆபீஸுக்கு வந்து, எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அது எனக்கும் வயிற்றெரிச்சல்தான்.

மாலதி வந்தாள்

ஒரு நாள் காலையில் ஆபீஸ் திறந்ததும் மாலதி வந்து நின்றாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, உட்கார மாட்டேன் என்றாள். கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"மேடம், நீங்க ஒரு தடவ வந்து பாருங்க. பேனல் மட்டம்னா மட்டம்னு சொல்லிருங்க. நான் அப்பா சொல்லுத மாதிரி இருந்துக்கிடுதேன். நல்லாத்தான் இருக்குன்னா அதையும் நீங்களே சொல்லுங்க. அவிய சொன்னா அப்பா கேக்க மாட்டாவ."

"சேலை எப்ப திரும்புது?"

"நாளைக்குச் சாயந்திரம்."

"நீ என்ன நினைக்கிற அந்தத் தம்பியப் பத்தி?"

"அவியளுக்குப் பொய் சொல்ல வராது மேடம்" என்றாள். பிறகு பஸ்ஸுக்கு ஓடினாள்.

அவள் போனதும் எனக்கு வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. எங்கள் லைனிலேயே கோளாறு இருந்தால்? மத்தியானச் சாப்பாட்டுக்குத் தறிகள் நிற்கிற நேரத்தில் லைனில் மின்னழுத்தம் ஏறினால் சில இடங்களில் பேனலின் இன்வெர்ட்டர் பெட்டி தானாக நின்றுவிடும். அப்படி இருந்தால், கரண்ட் ஆபீஸ் செய்த கோளாறுக்கு ஒரு பையன் திருட்டுப் பட்டம் சுமக்கிறான் என்று ஆகும். அன்றைக்கே போய் அந்தத் தெருக் கம்பத்தில் அளந்து பார்த்தேன். லைன் சுத்தமாக இருந்தது.

அப்பாடா என்று இருந்தது அரை நிமிஷம்தான். லைன் சுத்தம் என்றால் கோளாறு பேனலில். பேனலில் என்றால் அந்தப் பையன்மேல். நாளைக்கு அந்த வீட்டுக்குப் போய், என் வாயாலேயே ஒரு கல்யாணத்தை நிறுத்திவிட்டு வர வேண்டியிருக்குமோ? மத்தியானச் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன்.

ஜன்னலுக்கு வெளியே ரோடு கானலாக நெளிந்தது. ஒரு நாய்கூட இல்லை. இந்த வெயிலில் யார் வெளியே வருவார்கள் என்று நினைத்தபோதுதான் உறைத்தது. முத்துக்குமார் பார்த்தது காலையிலும் சாயந்திரமும். நான் மீட்டர் பார்த்ததும் காலையில். வெயிலைப் பிடிக்கிற சாமானை வெயில் உச்சத்தில் நிற்கும்போது ஒருத்தரும் போய்ப் பார்க்கவில்லை.

கதவுக்கு அந்தப் பக்கம்

தாழ்ப்பாள் விலகியது. கதவைத் தள்ளினேன். வெளிச்சத்தில் முதலில் கண் கூசியது. தூரத்தில் சஞ்சீவி மலை, அதற்குப் பின்னால் மேற்குத் தொடர்ச்சி. பார்வை தெளிந்ததும், எதிரே வெள்ளை வெளேரென்று இருந்தது.

அத்தனை பேனல்கள் மேலும் ஈரமான பேண்டேஜ் துணி விரித்திருந்தது. ஓரங்களில் செங்கல் வைத்து இழுத்துவிட்டிருந்தது. சங்கரலிங்கத்தின் மனைவி செல்லத்தாய், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, வாளியிலிருந்து தண்ணீரை மொண்டு துணிமேல் தெளித்துக்கொண்டிருந்தார். காய்ச்சலில் கிடக்கிற பிள்ளைக்கு நெற்றித் துணியை நனைத்துப் போடுவார்களே, அந்தக் கவனம் அவர் கையில் இருந்தது.

"என்னம்மா செய்றீங்க?" என்றேன்.

"சூட்ட எறக்குதேன் மேடம்." திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "பதினோரு மணிக்கு மேல தொட்டுப் பாருங்க, தோசக்கல்லு மாதிரிக் கொதிக்கும். சூடு ஏறுனா கரண்டு கொறயும்னு மாட்டுன அன்னைக்கே அந்தத் தம்பி சொல்லிச்சு. அதான் வெயில் ஏறவும் நனைச்சுப் போட்டுட்டு, தாழவும் எடுத்திருதேன். எடுத்துட்டு அந்த ஈரத்துணியாலயே நல்லாத் தொடச்சும் விட்டிருவேன்."

பளபளப்புக்கும் காரணம் தெரிந்தது.

"துணியப் போட்டு மூடினா வெயில் எப்படிம்மா உள்ள போகும்?"

"இது துணியா மேடம்? காஸு." என் கேள்வி அவருக்கு அசட்டுத்தனமாகப் பட்டிருக்க வேண்டும். "கண்ணு கண்ணா இருக்குல்ல. காத்தும் போகும், வெளிச்சமும் போகும். எங்க வீட்டுல எதத்தான் இதால மூடாம வச்சிருக்கோம்? மொதல்ல ரெண்டாத்தான் மடிச்சுப் போட்டேன். மத்தியானத்துல கரண்டு கொறயுது கொறயுதுன்னு அவிய கத்தவும், சூடு எறங்கலபோல, இன்னும் நல்லா எறக்கணும்னு நாலா மடிச்சுப் போடுதேன்."

"ஞாயிற்றுக்கிழமை?"

"ஞாயித்துக்கெழம வெளுப்புத் தொட்டி லீவுல்லா. ஈரத்துணிக்கு எங்க போக? அன்னைக்கு மட்டும் பாவம், அது கெடந்து காயும்."

எனக்கு உடனே சிரிப்பு வரவில்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அதுவும் சுட்டது. அந்தப் பையன் திருடன் இல்லை. நான் யாருடைய கல்யாணத்தையும் நிறுத்த வேண்டியதில்லை. நெஞ்சில் கிடந்த கல் இறங்கியதும்தான் சிரிப்பு வந்தது. வந்தது நிற்கவில்லை.

"ஏன் மேடம் சிரிக்கீய?" என்று கேட்டார் செல்லத்தாய். அவர் முகம் மாறிக்கொண்டு வந்தது.

நான் செங்கல்களைத் தள்ளிவிட்டு ஒவ்வொரு துணியாக உருவினேன். படிக்கட்டுத் திருப்பத்தில் சுவரில் மாட்டியிருந்த இன்வெர்ட்டர் பெட்டியின் முன்னால் அவரைக் கொண்டுபோய் நிறுத்தினேன். பெட்டியில் எண் ஏறிக்கொண்டே போனது. அது என்ன என்று நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. தறி மீட்டர் பார்த்துப் பழகிய கண்.

"அப்ப இம்புட்டு நாளும் நானா?" என்றார். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"உங்களுக்குத் தெரியாதும்மா. யாரும் சொல்லவும் இல்ல."

"எம் மவ தெனம் தலகாணிய நனைக்கா மேடம். நாந்தான் அவகிட்டச் சொன்னேன், போனாப் போகுது, நேர்மையில்லாத பயன்னு. நானே சொன்னேன்." ஈரக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நாலு மடிப்பு

சங்கரலிங்கத்தைக் கூப்பிட்டேன். தறிச் சத்தத்தில் கேட்கவில்லை. சாப்பாட்டு நேரம் வந்து தறிகள் நின்ற பிறகுதான் கேட்டது. முட்டியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக ஏறி வந்தார். பேனல்களைப் பார்த்தார். தரையில் குவிந்து கிடந்த துணியைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"ஒளிச்சா வச்சேன்? இந்தத் தறிச் சத்தத்துல நான் என்ன சொல்லி நீங்க கேட்டீய?" என்றார் செல்லத்தாய்.

சங்கரலிங்கம் குனிந்து ஒரு துணியை எடுத்தார். வழக்கமான பழக்கத்தில் கட்டைவிரலால் நெசவைத் தடவிப் பார்த்தார். மடித்த வாக்கிலேயே வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். அவர் முகத்தில் நிழல் விழுந்தது.

"நாலு மடிப்புன்னா இது ரத்தத்தையே நிப்பாட்டுமே" என்றார் மெதுவாக. "வெயிலு எம்மாத்திரம்."

நான் முத்துக்குமாருக்கு போன் போட்டு, சத்தத்தைக் கூட்டி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்தேன். "தம்பி, கண்டுபிடிச்சாச்சு. உன் மேல ஒரு தப்பும் இல்ல. உங்க அத்தை, சூட்டைக் குறைக்கிறதா நினைச்சு, மத்தியானமெல்லாம் பேனல் மேல ஈரத்துணி போட்டு வச்சிருந்திருக்காங்க. தினமும் மாடி ஏறி, தண்ணி தெளிச்சு."

நான் அப்பவே நிழல்னு சொன்னேனா இல்லையா என்று கேட்பான் என எதிர்பார்த்தேன். கேட்க அவனுக்கு உரிமை இருந்தது. நானாக இருந்தால் அதைக் கேட்டு, மேலே இன்னும் நாலும் கேட்டிருப்பேன்.

"தெனமுமா? இந்த அக்கினி வெயில்லயா?" என்றான் முத்துக்குமார். "அத்தைக்கு சுகர் இருக்கே மேடம். தலை கிலை சுத்தலையே? மொதல்ல அவியளக் கீழ எறங்கச் சொல்லுங்க. பேனலுக்கு ஒண்ணும் ஆகாது, அது வெயில்ல கெடக்கணும்னே செஞ்சது. அத்தைக்குத்தான் ஆகாது."

செல்லத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சங்கரலிங்கம் என்னிடம் கையை நீட்டினார். போனைக் கொடுத்தேன்.

"நாந்தான் பேசுதேன்" என்றார். "அத்த நல்லாத்தான் இருக்கா. நீங்க சாப்ட்டீயளா மாப்பிள?"

"இல்ல மாமா" என்றான்.

"அப்ப இங்க வந்திருங்க. நாங்களும் இன்னும் சாப்பிடல."

சொல்லிவிட்டு போனைச் செல்லத்தாயிடம் கொடுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு படியிறங்கினார். முட்டியைப் பிடிக்க மறந்துவிட்டார்.

செல்லத்தாய் மூக்கைச் சிந்திக்கொண்டு மாலதியின் நம்பரைப் போடச் சொன்னார். போட்டுக் கொடுத்தேன்.

"ஏட்டி, லீவு சொல்லிட்டுக் கெளம்பி வா. மாப்பிள்ள சாப்பிட வாராவ" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தில் மாலதி என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. செல்லத்தாய் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, "சரி, சரி" என்று தலையாட்டிக்கொண்டே நெடுநேரம் நின்றார்.

"அவசரமில்லட்டி" என்றார் கடைசியில். "அழுது முடிச்சிட்டே வா. அடுத்த பஸ்ஸு போதும்."